கரையில் கிடந்த படகு இன்ஜின் கிளம்பவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேட்டூர் அணைத் தண்ணீர் தருமபுரி மாவட்டத்துக்குள்ளும் நெடுந்தூரம் ஏறி நிற்கும். நாகமரை, ஏரியூர், ஒட்டனூர் பக்கத்துக்காரர்களுக்கு எதிர்க்கரை சேலம் மாவட்டம். சந்தைக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கும் மீன் பிடிக்கவும் படகுதான். அணையின் முழு மட்டம் 120 அடி. கோடையில் தண்ணீர் இறங்கி, பண்ணவாடி பக்கம் பழைய நந்தி சிலை தலைகாட்டும் நாட்களில் படகுகள் வெடித்த சேற்றில் ஏறிக் கிடக்கும். அப்புறம் கர்நாடகத்தில் மழை பிடித்து, கபினியும் கிருஷ்ணராஜசாகரும் நிரம்பித் திறந்துவிட்டால் ஒரே வாரத்தில் தண்ணீர் கரையேறிவிடும். அன்றைக்குத்தான் எல்லோரும் ஒரே நேரத்தில் இன்ஜின் கயிற்றைப் பிடித்து இழுப்பார்கள்.

பென்னாகரம் வட்டாரத்தில் படகு இன்ஜினும் தோட்டத்து ஆயில் இன்ஜினும் பழுது பார்க்கிறவன் நான். ஒவ்வொரு ஆடி மாதமும் என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். ஒன்றை மட்டும் முன்பே சொல்லிவிடுகிறேன். ஐந்து மாதம் சும்மா கிடந்ததால் கெட்டுப்போன இன்ஜினை நான் அதிகம் பார்த்ததில்லை. எடுக்கவில்லையே என்று முதல் அரை மணி நேரத்தில் அவசரப்பட்டு இழுத்து, திருகி, கண்டதை ஊற்றிக் கெடுத்ததைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அஞ்சு மாசமா சும்மா கிடந்ததுங்க. இருபது தடவை இழுத்துட்டேன், எடுக்கல. முதல்ல எதைப் பார்க்கணும்?

முதலில் இழுப்பதை நிறுத்துங்கள். ஐந்தாறு இழுப்பில் எடுக்காத இன்ஜின் ஐம்பது இழுப்பிலும் எடுக்காது. கயிறு அறும், தோள்பட்டை வலிக்கும், சிலிண்டருக்குள் பெட்ரோல் தேங்கிப் புதிதாக ஒரு சிக்கல் சேரும்.

ஸ்பேனரைத் தொடுமுன் கண்ணால் பார்க்க வேண்டியவை சில உண்டு. சிவப்புச் சுருள் கயிற்றின் முனையில் ஒரு பிளாஸ்டிக் கிளிப் இருக்கும். ஓட்டுகிறவர் தண்ணீரில் விழுந்தால் இன்ஜின் தானாக நிற்பதற்கான ஏற்பாடு அது. அந்தக் கிளிப் சுவிட்சில் மாட்டியிருக்காவிட்டால் என்ன செய்தாலும் பிளக்கில் கரன்ட் வராது. ஏரியூர் பக்கத்திலிருந்து ஒருவர் வாடகை வண்டி பிடித்து இன்ஜினைத் தூக்கிக்கொண்டு வந்தார். பார்த்தால் கிளிப்பைக் காணோம். வேறொன்றை மாட்டி இரண்டாவது இழுப்பில் எடுத்துக் கொடுத்தேன். வண்டி வாடகைக்கு அவர் ஒரு நாள் மீனை விற்றிருக்க வேண்டும். அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

அடுத்து கியர். நியூட்ரலில் இல்லாவிட்டால் பெரும்பாலான இன்ஜின்களில் கயிறே வராது, அல்லது செல்ஃப் சுற்றாது. லீவர் நியூட்ரலில் இருப்பது போலத் தெரிந்தாலும் முன்னும் பின்னும் ஒரு முறை ஆட்டி நடுவில் நிறுத்துங்கள்.

பிறகு பெட்ரோல் போகும் வழி. டேங்க் மூடியில் இருக்கும் சின்னக் காற்றுத் திருகு திறந்திருக்க வேண்டும். மூடியிருந்தால் இன்ஜின் எடுத்துக் கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். குழாயின் இரண்டு முனையும் ‘டக்’ என்று பூட்டியிருக்க வேண்டும். நடுவில் இருக்கும் ரப்பர் பம்பில் ஒரு அம்புக்குறி உண்டு. அது இன்ஜினைப் பார்த்திருக்க வேண்டும். பம்பைச் செங்குத்தாக, அம்பு மேலே பார்க்கும்படி பிடித்து, கையில் கெட்டியாகும் வரை அமுக்குங்கள். எவ்வளவு அமுக்கினாலும் கெட்டியாகவில்லை என்றால் எங்கோ காற்று வாங்குகிறது, அல்லது பம்பின் உள்வால்வு போய்விட்டது. வெயிலில் கிடந்த ரப்பர் வெடித்திருக்கும். வளைத்துப் பார்த்தால் கீறல் தெரியும். ரப்பர் போயிருந்தால் மாற்றிவிடுவதுதான் நல்லது, ஒட்டுப்போடாதீர்கள்.

எல்லாம் சரியாத்தான் இருக்கு. பெட்ரோல் கோளாறா, கரன்ட் கோளாறான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பெட்ரோல் இன்ஜினுக்கு எரிபொருள், பொறி, அமுக்கம் ஆகிய மூன்றும் வேண்டும். எது இல்லை என்பதை பிளக்கைக் கழற்றினால் பாதிக்கு மேல் சொல்லிவிடலாம்.

பத்து முறை இழுத்த பிறகு கழற்றிய பிளக் காய்ந்து கிடந்தால் பெட்ரோல் உள்ளே போகவில்லை. நனைந்து சொட்டினால் பெட்ரோல் போகிறது, ஆனால் எரியவில்லை. அப்போது கரன்ட்டைப் பார்க்க வேண்டும். பிளக்கை அதன் ஒயர் முனையிலுள்ள கேப்பில் (மூடி) மாட்டி, பிளக்கின் உலோக உடம்பு இன்ஜின் இரும்பில் ஒட்டியிருக்கும்படி வைத்துக் கயிற்றை இழுங்கள். நீலநிறப் பொறி ‘பட் பட்’ என்று வந்தால் நல்லது. மஞ்சளாக மெல்லிசாக வந்தால் பலவீனம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பிளக் ஓட்டையிலிருந்து பெட்ரோல் ஆவி பீய்ச்சும். பொறி பார்க்கும் பிளக்கை அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. முதலில் ஓட்டையைத் துணி வைத்து அடைத்து, டேங்கையும் தள்ளி வைத்துவிடுங்கள். பீடி, சிகரெட் அந்தப் பக்கமே வேண்டாம். மூடியுள்ள படகாக இருந்தால் அடித்தட்டில் ஆவி தேங்கி நிற்கும், அது கண்ணுக்குத் தெரியாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், கீழேதான் இறங்கும். வேலை ஆரம்பிக்கும் முன் பலகைகளைத் தூக்கிக் காற்றாட விடுங்கள்.

பொறியே வரவில்லை என்றால் உடனே பொறிக்கான கரன்ட் தரும் காயிலை மாற்றச் சொல்லி யாராவது சொல்வார்கள். பொறுங்கள். முதலில் புது பிளக் போட்டுப் பாருங்கள். சும்மா கிடந்து துருப்பிடித்த பிளக் நிறைய உண்டு. கேப்புக்குள் இருக்கும் சுருள் கம்பி பச்சை பூத்திருக்கிறதா, சிவப்புக் கயிற்றின் கிளிப் மாட்டும் கில் சுவிட்சின் ஒயர் எங்காவது உரசி இரும்பில் தொடுகிறதா என்று பாருங்கள். அதற்கும் மேல், கயிற்றை இழுத்தால் சுற்றும் சக்கரமான ஃப்ளைவீலின் காந்தமும் காயிலும் துருப்பிடித்திருந்தால் சுத்தம் செய்தாலே பொறி திரும்புவதுண்டு. பொறி விழும் நேரத்தைக் கவனிக்கும் மின்னணுப் பெட்டியான சி.டி.ஐ.யைக் கடைசியாகச் சந்தேகப்படுங்கள். அதன் விலைக்கு நான்கு நாள் வருமானம் போகும்.

இன்னொரு வழியும் உண்டு. பொறி நன்றாக வருகிறது, பிளக் காய்ந்திருக்கிறது என்றால் ஒரு டீஸ்பூன் புது பெட்ரோலைப் பிளக் ஓட்டையில் விட்டு, பிளக்கைப் பூட்டி, கேப் மாட்டி இழுங்கள். இரண்டு நொடி ஓடி அணைந்தால் கோளாறு பெட்ரோல் வரும் பாதையில்தான். நேராக, பெட்ரோலும் காற்றும் கலக்கும் கார்புரேட்டருக்குப் போகலாம்.

டேங்குல போன தை மாசம் போட்ட பெட்ரோல் இருக்கு. அதையே ஓட்டலாமா?

வேண்டாம். இதை யார் கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்வேன்.

பத்து வருடத்துக்கு முன்பு இவ்வளவு கறாராகச் சொல்லியிருக்க மாட்டேன். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனால் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். படகு டேங்க் காற்றுத் திருகு வழியாக ஆற்றங்கரை ஈரத்தை நாள் முழுக்க வாங்கிக்கொண்டே இருக்கும். பகலில் சூடு, இரவில் குளிர்ச்சி. பாதி காலியான டேங்க் மூச்சு விடுவது போல ஈரக்காற்றை இழுக்கும். ஓர் அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து கீழே உட்கார்ந்துவிடும். டேங்கின் உறிஞ்சு குழாய் இருப்பதும் அடியில்தான். ஆக, இன்ஜின் முதலில் குடிப்பதே அந்தத் தண்ணீரைத்தான்.

சோதிக்க எளிய வழி இருக்கிறது. டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றிப் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். நடுவில் கோடு போட்டது போல இரண்டு அடுக்காகத் தெரிந்தால் அவ்வளவுதான், மொத்தத்தையும் இறக்க வேண்டும். கோடு இல்லை, ஆனால் நிறம் கறுத்து, பழைய வார்னிஷ் வாசம் அடிக்கிறது என்றாலும் இறக்குங்கள். எடுக்க வாயால் உறிஞ்சாதீர்கள். கை பம்ப் நூறு, இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கும். பெட்ரோல் நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

என் கணக்கு இது: ஒரு மாதம் வரை பயப்பட வேண்டாம். மூன்று மாதம் தாண்டிய பெட்ரோலைப் படகில் நம்ப மாட்டேன். சாலையில் இன்ஜின் நின்றால் ஓரமாகத் தள்ளிவிடலாம். தண்ணீர் நடுவே நின்றால் காற்று எந்தப் பக்கம் தள்ளுமோ அந்தப் பக்கம்தான் போக வேண்டும்.

இறக்கிய பெட்ரோலைக் கரையில் ஊற்றாதீர்கள், ஆற்றில் கலக்கவும் கூடாது. கீழே மேட்டூரைத் தாண்டி டெல்டா வரைக்கும் இந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். மூடி போட்ட கேனில் எடுத்து வைத்து, துருப்பிடித்த நட்டு போல்ட்டுகளைத் திறந்த வெளியில், நெருப்பில்லாத இடத்தில் கழுவப் பயன்படுத்தலாம்.

கார்புரேட்டரை நானே கழற்றலாமா?

கை சுத்தமும் பொறுமையும் இருந்தால் தாராளமாக. முதலில் கழற்றாமலே ஒரு முயற்சி செய்யுங்கள். கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் ஒரு திருகு இருக்கும். அதைத் தளர்த்திப் பழைய பெட்ரோலை வெள்ளைத் துணியிலோ கிண்ணத்திலோ வடியுங்கள். தண்ணீர் முத்துகள் உருள்கிறதா, பச்சைத் தூள் வருகிறதா என்று பாருங்கள். திருகைப் பூட்டிப் புதுப் பெட்ரோல் விட்டு ஒரு மணி நேரம் ஊறவிட்டு இழுத்தால், சில இன்ஜின் அத்தோடு எடுத்துவிடும்.

எடுக்கவில்லை என்றால், பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளையான ஜெட் அடைத்திருக்கிறது. கிண்ணத்தில் இருந்த பெட்ரோல் மெல்ல ஆவியாகி, மிச்சம் பசை போலப் படிந்துவிடும். மெயின் ஜெட் கொஞ்சம் பெரியது, தப்பித்துவிடும். ஸ்டார்ட் ஆவதற்கும் மெதுவாக ஓடுவதற்கும் வேண்டிய பைலட் ஜெட் ஓட்டை மயிரிழை அளவுதான். அடைப்பது அதுதான். சோக் (குளிர்ந்த இன்ஜினை எடுக்கக் காற்றைக் குறைக்கும் அடைப்பு) போட்டால் ஓடுகிறது, சோக்கைத் தள்ளினால் அணைகிறது என்று யாராவது சொன்னால் நான் பைலட் ஜெட்டைத்தான் நினைப்பேன்.

கழற்றும் முன் போனில் நான்கு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கார்புரேட்டரில் இருக்கும் காற்றுத் திருகை (டேங்க் மூடித் திருகு வேறு) எடுப்பதற்கு முன், அதை மெதுவாக உள்ளே முட்டும் வரை திருகி எத்தனை சுற்று என்று எண்ணி எழுதி வையுங்கள். திரும்பப் போடும்போது அதே கணக்கு. கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே அடித்து, ஊற வைத்து, காற்றடித்து ஊதுங்கள். கண்ணுக்கு நேராக ஜெட்டைத் தூக்கி வானத்தைப் பார்த்தால் வட்டமாக வெளிச்சம் தெரிய வேண்டும். கம்பி விட்டுக் குத்தாதீர்கள். ஜெட் பித்தளை, ஊசி இரும்பு. ஓட்டை கொஞ்சம் அகன்றாலும் இன்ஜின் அதிகம் பெட்ரோல் குடிக்கும், அதன் பின் எத்தனை தடவை டியூன் செய்தாலும் சரிவராது. ஒரு பழைய மீனவர் ஒயரின் ஒற்றைச் செம்பு இழையால் தொட்டுச் சுத்தம் செய்வார். கடைசி வழியாக அதை ஒப்புக்கொள்வேன், மிக மெதுவாகச் செய்தால்.

கிண்ணத்துக்குள் இருக்கும் மிதவையையும் குலுக்கிப் பாருங்கள். உள்ளே தண்ணீரோ பெட்ரோலோ சலசலத்தால் ஓட்டை. ஊசி வால்வு ஒட்டியிருந்தால் பெட்ரோல் நிற்காமல் வழியும், அல்லது வரவே வராது. வழியும் இன்ஜினை அப்படியே இழுக்க முயலக் கூடாது.

சோக் இழுத்து நிறைய இழுத்துட்டேன். இப்ப பெட்ரோல் நாத்தம் தூக்குது.

சிலிண்டர் நிறைந்துவிட்டது. சோக்கைத் தள்ளிவிடுங்கள். பெட்ரோல் குழாயைக் கழற்றி, பிளக்கைக் கழற்றித் துடைத்து, கேப்பை இரும்பில் தொடும்படி வைத்து, பத்துப் பன்னிரண்டு முறை இழுத்து உள்ளே இருப்பதை வெளியேற்றுங்கள். கால் மணி நேரம் காற்றாட விட்டு, ஆக்சிலேட்டரைப் பாதி திறந்து, சோக் இல்லாமல் இழுங்கள். சரியாகிவிடும்.

டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு ஆயில் எவ்வளவு கலக்கறதுங்கண்ணா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

இன்ஜின் புத்தகமோ டேங்க் மூடியோ சொல்லும் விகிதம்தான் கணக்கு. பெரும்பாலும் 50-க்கு 1 என்று இருக்கும். அதாவது ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி. பழைய மாடல்களிலும் புது இன்ஜின் பழகும் காலத்திலும் 25-க்கு 1, லிட்டருக்கு 40 மில்லி. தண்ணீரில் குளிரும் டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கென்றே ஆயில் இருக்கிறது. பைக் நான்கு ஸ்ட்ரோக் ஆயிலை இதில் ஊற்றக் கூடாது.

போன வருடம் கலந்து வைத்ததை இந்த வருடம் பயன்படுத்தாதீர்கள். பெட்ரோல் ஆவியாகி ஆயில் மட்டும் மிஞ்சும், விகிதமே மாறிவிடும். ஆயில் போதாமல் ஓடிய டூ ஸ்ட்ரோக் பிஸ்டனை நான் பார்த்தால் மனசு கனத்துவிடும். இருபது மில்லி ஆயிலை மிச்சப்படுத்தி ஆயிரக்கணக்கில் போகும்.

கயிறு அசையவே மாட்டேங்குது. பிஸ்டன் ஒட்டிக்கிச்சா?

முதலில் கியரைப் பாருங்கள், அதன்பின் தண்ணீருக்குள் சுற்றும் விசிறியைப் பாருங்கள். பழைய நைலான் வலை சுற்றிக்கிடந்தாலும் இறுகும். கயிறு சுருளும் பெட்டிக்குள் ஸ்பிரிங் சிக்கியிருக்கலாம். பெட்டியைக் கழற்றி, ஃப்ளைவீலைக் கையால் அசைத்துப் பாருங்கள். ஃப்ளைவீல் அசைந்தால் இன்ஜின் நல்லா இருக்கிறது, கயிற்றுப் பெட்டிதான் கோளாறு.

ஃப்ளைவீலும் அசையாவிட்டால் பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரில் துருவால் ஒட்டியிருக்கும். பிளக்கைக் கழற்றி, டீசலும் டூ ஸ்ட்ரோக் ஆயிலும் சரிபாதி கலந்து இரண்டு ஸ்பூன் ஊற்றி, ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் முன்னும் பின்னுமாக லேசாக அசையுங்கள். அசையாவிட்டால் இன்னொரு ராத்திரி. இரண்டு மூன்று நாள் ஆகும், ஆகட்டும். பெரிய பைப் மாட்டி நெம்பி வளையத்தை உடைத்தவர்கள் உண்டு. விடுபட்டதும் உள்ளே இருக்கும் எண்ணெயைப் பிளக் ஓட்டை வழியே முழுக்க வெளியேற்றிய பிறகே பிளக் போட வேண்டும். சிலிண்டரில் எண்ணெய் நிறைந்திருக்கும்போது இழுத்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையவும் கூடும்.

கயிறு எதிர்ப்பே இல்லாம லேசா வருதே?

அமுக்கம் போயிருக்கிறது. பிளக் ஓட்டையில் கட்டைவிரலை அழுத்தி வைத்து, வேறொருவர் இழுக்கட்டும். விரலைத் தள்ளாவிட்டால் வளையமோ வால்வோ ஒட்டியிருக்கிறது. கொஞ்சம் ஆயில் விட்டுப் பார்த்து அமுக்கம் ஏறினால் வளையம். அதற்குமேல் பட்டறை வேலை.

எங்க படகுல டீசல் லாங் டெயில். கைப்பிடி சுத்திச் சுத்திக் கை போச்சு, எடுக்கல.

லாங் டெயில் என்பது நீண்ட தண்டின் முனையில் விசிறி உள்ள இன்ஜின். டீசல் இன்ஜினில் பொறி பிளக் கிடையாது. அமுக்கத்தில் சூடாகும் காற்றில் டீசல் தானே எரிகிறது. அதனால் புகையைப் பார்த்தே நோய் சொல்லலாம். சுற்றும்போது சைலன்சரில் புகையே இல்லை என்றால் டீசல் உள்ளே போகவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. அமுக்கம் குறைவு, அல்லது டீசலைத் தூவ வேண்டிய நாசில் தூவாமல் ஒழுகுகிறது.

கிடந்த இன்ஜினில் முக்கால்வாசி முதல் வகை. காரணம் பெரும்பாலும் காற்றுப் பிடித்திருப்பது. டேங்கில் பாதிக்கு மேல் டீசல் இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு, ஃபில்டர் மேலிருக்கும் ஏர் திருகைத் தளர்த்துங்கள். நுரையாக வரும். குமிழி நின்று கம்பி போல டீசல் வந்ததும் பூட்டுங்கள். அடுத்து பம்புக்குள் போகும் இடத்தில் இதேபோல. கடைசியாக நாசிலுக்குப் போகும் இரும்புக் குழாயின் நட்டைத் தளர்த்திச் சுற்றுங்கள். டீசல் துடித்துத் துடித்து வரும்போது இறுக்குங்கள். இந்த வரிசையை மாற்றினால் காற்று மறுபடி உள்ளேயே சுற்றும். அமுக்கத்தில் நாசில் தூவும் டீசலுக்கு முன் விரலை நீட்டாதீர்கள், தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும்.

ஃபில்டர் கிண்ணத்தில் கறுப்பாக வழவழவென்று ஏதாவது இருந்தால் அது தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் வளரும் நுண்ணுயிர். டேங்கை முழுக்கக் கழுவ வேண்டும், ஃபில்டரையும் மாற்ற வேண்டும்.

சுற்றுவதற்கு முன் ஒன்றை மறக்கவே கூடாது. நிறுத்தும் லீவரையும் ஆக்சிலேட்டரையும் கையால் அசைத்து, பம்பின் பக்கத்தில் உள்ள தண்டும் சேர்ந்து தாராளமாக நகர்கிறதா என்று பாருங்கள். நாள்பட்டு அது ஒட்டிக்கொள்ளும். நிறுத்தும் பக்கம் ஒட்டினால் ஸ்டார்ட் ஆகாது. முழு வேகப் பக்கம் ஒட்டினால் ஸ்டார்ட் ஆன நொடியில் வெறி பிடித்தது போல ஓடும், நிறுத்த முடியாது. அப்படி ஓடினால் காற்று ஃபில்டர் வாயில் பலகை வைத்து அடைத்து நிறுத்த வேண்டும். கையை வைக்கக் கூடாது.

கைப்பிடியைப் பிடிக்கும்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வையுங்கள். இன்ஜின் திருப்பி உதைத்தால் கட்டைவிரல்தான் முறியும். அமுக்கம் விடும் லீவரைத் தூக்கி, நல்ல வேகம் பிடித்த பின் விடுங்கள்.

ஸ்டார்ட் ஸ்ப்ரே அடிச்சா எடுக்குமாமே?

பெட்ரோல் இன்ஜினில் கொஞ்சம் அடித்துச் சோதிக்கலாம். டூ ஸ்ட்ரோக்கில் அடிக்கடி அடித்தால் ஆயிலைக் கழுவி விட்டுவிடும். டீசல் இன்ஜினில் அடிக்காதீர்கள். ஸ்ப்ரேயில் இருக்கும் ஈத்தர், பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று பார்த்து வெடிப்பதில்லை. வளையமும் ராடும் உடைந்து வந்ததை நான் பார்த்திருக்கிறேன். எடுப்பதற்கு முன் உள்ளே சூடேற்றும் ஹீட்டர் பிளக் உள்ள டீசல் இன்ஜினில் அது நேராகத் தீ.

செல்ஃப் இன்ஜின். சாவியைத் திருப்பினா ‘டிக் டிக்’ மட்டும் வருது.

பேட்டரி. சும்மா இருந்தாலே லெட் ஆசிட் பேட்டரி கரன்ட்டை இழக்கும். மீட்டரில் 12.6 வோல்ட் இருந்தால் நிறைந்திருக்கிறது. 12-க்குக் கீழ் என்றால் சார்ஜ் போடாமல் முயற்சி செய்யாதீர்கள். செல்ஃப் அடிக்கும்போது 10-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி வயதாகிவிட்டது. முனைகளில் பூத்திருக்கும் வெள்ளைப் பூவைச் சோடா உப்புக் கரைத்த வெந்நீரால் கழுவி, காயவிட்டு, கிரீஸ் தடவுங்கள். லைட் எரிகிறது, ஆகவே பேட்டரி நல்லது என்று முடிவு செய்யக் கூடாது. லைட்டுக்கு வேண்டிய கரன்ட் வேறு, செல்ஃப் மோட்டாருக்கு வேண்டியது பல மடங்கு.

கொட்டாயில வெச்சிருந்த இன்ஜின். எலி, குளவி எல்லாம் கெடுக்குமா?

கண்டிப்பாக. நம் பக்கம் குளவி எந்த ஓட்டையைக் கண்டாலும் மண்கூடு கட்டும். டேங்க் காற்றுத் திருகு, புகைக்குழாய், குளிர்ந்த தண்ணீர் பீய்ச்சி வெளியேறும் சின்ன ஓட்டை எல்லாவற்றையும் பாருங்கள். எலி ஒயரின் பிளாஸ்டிக்கைக் கடிக்கும். மேல்மூடியைத் தூக்கிய உடனே பஞ்சும் துணிக்கிழிசலும் தெரிந்தால் ஒயரை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பாருங்கள். பாம்பு சுருண்டிருந்ததும் உண்டு. அதனால் மூடியைத் தூக்கியவுடன் கையை விடாமல், ஒரு குச்சியால் தட்டிப் பார்த்துவிட்டு வேலை செய்யுங்கள்.

எடுத்துடுச்சு! ஆனா தண்ணி பீய்ச்சலையே?

உடனே நிறுத்துங்கள். உள்ளே தண்ணீர் ஏற்றும் இம்பெல்லர் ரப்பரால் ஆனது. மாதக்கணக்கில் ஒரே நிலையில் கிடந்தால் இதழ்கள் வளைந்தபடியே இறுகிவிடும். தண்ணீரில்லாமல் ஓடினால் ஒரு நிமிடத்துக்குள் கருகும்.

முதலில் அந்தச் சின்ன ஓட்டையை நைலான் நூலால் குத்திப் பாருங்கள், குளவி மண் இருக்கலாம். கீழே தண்ணீர் உறிஞ்சும் சல்லடையில் வண்டல் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். காவிரியில் புதுவெள்ளம் செம்மண் குழம்பாக வரும், அதில் ஓட்டிய இன்ஜினில் வண்டல் உறுதி. இரண்டும் சரியென்றால் இம்பெல்லரை மாற்றிவிடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் நல்லது.

சோதனை ஓட்டத்தைக் கரையில் 200 லிட்டர் டிரம்மில் தண்ணீர் நிரப்பி அதில் வைத்துச் செய்யுங்கள். விசிறிக்கு மேலிருக்கும் தட்டு முழுகும் அளவுக்குத் தண்ணீர் வேண்டும். கியர் போடக் கூடாது. அறைக்குள் வைத்து ஓட்டாதீர்கள், புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு வாசமே இல்லாமல் ஆளைச் சாய்க்கும்.

ராத்திரி தண்ணி ஏறி இன்ஜின் முழுகிடுச்சு. வெயில்ல காய வெச்சிருக்கேன்.

காய வைத்ததுதான் தவறு. முழுகிய இன்ஜின் தண்ணீருக்குள் இருக்கும்வரை அதிகம் துருப்பிடிக்காது. வெளியே எடுத்துக் காற்றுப் பட்டதும்தான் துரு வேகமாகப் பிடிக்கும். எடுத்த சில மணி நேரத்துக்குள் வேலையை முடிக்க வேண்டும்.

சுத்தமான தண்ணீரால் சேற்றைக் கழுவுங்கள். பிளக்கைக் கழற்றி, ஓட்டை கீழே பார்க்கும்படி சாய்த்து, மெதுவாகச் சுற்றித் தண்ணீரை வடியுங்கள். சுற்றும்போது இறுகினாலோ மணல் அரைபடும் சத்தம் கேட்டாலோ அத்தோடு நிறுத்திப் பட்டறைக்கு எடுத்துப் போங்கள். கார்புரேட்டரை வடித்து, டேங்க் பெட்ரோலை மாற்றி, சிலிண்டரில் ஆயில் விட்டுச் சுற்றுங்கள். நான்கு ஸ்ட்ரோக் என்றால் இன்ஜின் ஆயிலை இறக்கிப் புதிது ஊற்றி, கொஞ்ச நேரம் ஓட்டி, மறுபடியும் மாற்ற வேண்டும். பால் காப்பி நிறத்தில் ஆயில் வரும் வரை உள்ளே தண்ணீர் இருக்கிறது என்று பொருள். ஓடும்போதே முழுகிய இன்ஜினைச் சுற்றிப் பார்க்கவே வேண்டாம். தண்ணீரை அமுக்க முடியாது, ராடு வளைந்திருக்க வாய்ப்பு அதிகம்.

கியர் பெட்டி ஆயிலையும் அப்போதே பாருங்கள். அதுவும் வெளுத்திருந்தால் சீல் போயிருக்கிறது.

கிருஷ்ணகிரிப் பக்கம் எங்க தோட்டத்துல பெட்ரோல்-மண்ணெண்ணெய் பம்ப் இருக்கு. அதுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பெட்ரோல், பிளக், கார்புரேட்டர் பற்றிச் சொன்ன எல்லாம் பொருந்தும். கூடுதலாக ஒன்று. இந்த வகை இன்ஜின் பெட்ரோலில் எடுத்து, சூடான பின் மண்ணெண்ணெயில் ஓடும். நிறுத்தும் முன் சில நிமிடம் திரும்பப் பெட்ரோலுக்கு மாற்ற வேண்டும். மண்ணெண்ணெயிலேயே நிறுத்தினால் கிண்ணத்தில் அதுதான் இருக்கும், குளிர்ந்த இன்ஜினில் அது பற்றாது. கிண்ணத்தை வடித்துப் பெட்ரோல் நிரப்பினால் எடுத்துவிடும். மண்ணெண்ணெயில் ஓடும் படகு இன்ஜினுக்கும் இதே கதைதான். பம்புக்குத் தண்ணீர் நிரப்பாமல் ஓட்டினால் பம்ப் சீல் எரியும் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

எடுத்தாச்சு, தண்ணியும் பீய்ச்சுது. ஆளேத்திக்கிட்டு அக்கரைக்குப் போகலாமா?

இன்றைக்கு வேண்டாம், நாளைக்குப் போங்கள். இன்று கரையோரமாக, கயிறு கட்டி, அரை மணி நேரம் ஓட்டுங்கள். பிறகு நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். சூட்டில் இரண்டாவது முறை எடுக்காத இன்ஜின்கள் உண்டு, அது நடு ஆற்றில் தெரியக் கூடாது. அதன்பின் தனியாக, துடுப்பும் நங்கூரக் கயிறும் போட்டுக்கொண்டு, உயிர்காக்கும் உடுப்பு அணிந்து, ஒரு சுற்று போய் வாருங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் கைக்குழந்தைக்காரிகளும் ஏறும் படகு அது. தண்ணீர் ஏறும் நாட்களில் மேலிருந்து மரமும் முள்ளும் மிதந்து வரும், இழுப்பும் கூடும். ஒகேனக்கல்லில் வரத்து கூடினால் பரிசலையே நிறுத்திவிடுகிறார்கள். அந்தத் தண்ணீர்தான் கொஞ்ச நேரத்தில் நம்மிடம் வருகிறது. எல்லோருக்கும் உடுப்பு இல்லாமல் படகை எடுக்காதீர்கள்.

அடுத்த கோடையில் எப்படி எடுத்து வைக்கணும்?

கடைசி ஓட்டம் முடிந்ததும் நல்ல தண்ணீர் டிரம்மில் பத்து நிமிடம் ஓட்டி வண்டலைக் கழுவுங்கள். ஓடும்போதே பெட்ரோல் குழாயைக் கழற்றி, தானாக அணையும் வரை விடுங்கள். கார்புரேட்டர் கிண்ணத் திருகைத் தளர்த்தி மிச்சத்தை வடியுங்கள். பிளக்கைக் கழற்றி ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு, இரண்டு முறை மெதுவாக இழுத்துப் பிளக்கைப் பூட்டுங்கள். பெட்ரோல் டேங்கை முழுக்கக் காலி செய்யுங்கள். பாதி வேண்டாம். டீசல் டேங்க் என்றால் நிரப்பியே வையுங்கள். கியர் ஆயிலை இப்போதே மாற்றுங்கள். உள்ளே தண்ணீர் இருந்தால் கோடை முழுக்க பேரிங்கைத் தின்றுவிடும்.

இன்ஜினை நிமிர்த்தி, மரச் சட்டத்தில் மாட்டி வையுங்கள். படுக்கப் போட வேண்டி வந்தால் புத்தகத்தில் சொன்ன பக்கமாக மட்டும் போடுங்கள். ஓட்டைகளைத் துணி திணித்து மூடி, எத்தனை துணி என்று இன்ஜின் மூடியில் சாக்பீஸால் எழுதுங்கள். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போய் மாதம் ஒருமுறை சார்ஜ் போடுங்கள். அன்றைக்கே கொட்டாய்க்குப் போய்க் கயிற்றை மெதுவாக ஒரு முறை இழுத்து, பிஸ்டனையும் இம்பெல்லரையும் இடம் மாற்றிவிட்டு வாருங்கள். அதற்கு ஐந்து நிமிடம் போதும்.